பஞ்சு படிந்த பெட்டி: பழைய வீட்டுக் கணினியைச் சுத்தம் செய்து வேகப்படுத்தும் முறை

சோமனூர்ப் பக்கம், தறிக்குடோனை ஒட்டிய வீடு ஒன்றில் பத்து வருடத்துக்கும் மேல் பழைய கணினியைப் பார்க்கச் சென்றிருந்தேன். "ஏனுங்க, சுவிட்சைப் போட்டுட்டுப் போயி மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு வந்தாலும் இன்னும் சுத்திக்கிட்டேதானுங்க இருக்குது" என்றார் வீட்டுக்காரர். பக்கவாட்டு மூடியைக் கழற்றிப் பார்த்தபோது, கணினியின் மூளையான புராசஸர் மீதிருந்த விசிறிக்கு அடியில் பஞ்சு, தலையணையிலிருந்து பிய்த்தெடுத்தது போல ஒரே துண்டாகக் கையோடு வந்தது. அதற்கு முன் அந்தக் கணினியை இரண்டு முறை ஃபார்மட் செய்திருக்கிறார்கள். இரண்டு முறையும் பஞ்சு இருந்த இடத்திலேயே இருந்திருக்கிறது.

கணினி மெதுவானால் நம் பக்கத்தில் சொல்லப்படும் தீர்வுகள் மூன்றுதான்: ஃபார்மட் அடி, ராம் போடு, புதிதாக வாங்கு. இவற்றில் எது தேவை, எதுவுமே தேவையில்லையா என்பதை அரை மணி நேரத்தில், எந்தச் செலவும் இல்லாமல், வீட்டிலேயே கண்டுபிடித்துவிட முடியும். அதைக் கண்டுபிடிக்காமல் கைவைத்தால் பணமும் போகும், சில சமயம் குடும்பப் புகைப்படங்களும் கணக்குகளும் சேர்ந்து போகும். ஆகையால் கீழே சொல்லியிருக்கும் வேலைகளை அதே வரிசையில் செய்யுங்கள். விண்டோஸ் 10 இருக்கும் மேசைக் கணினியை மனத்தில் வைத்தே எழுதுகிறேன். மடிக்கணினிக்கு எங்கு மாறுகிறதோ அங்கு குறிப்பிடுகிறேன்.

தொடங்கும் முன்: ஒரு கடிகாரம், ஒரு தாள்

கணினியை முழுவதும் அணைத்துவிட்டு, சுவிட்சைப் போட்ட நொடியிலிருந்து டெஸ்க்டாப் வந்து, நீங்கள் அன்றாடம் பயன்படுத்தும் ஒரு மென்பொருள் திறந்து வேலைக்குத் தயாராகும் வரை எவ்வளவு நேரம் ஆகிறது என்று கைப்பேசியில் பார்த்துத் தாளில் எழுதுங்கள். தேதியும் போடுங்கள். "கொஞ்சம் பரவாயில்லை போலத் தெரிகிறது" என்ற மனக்கணக்கை நம்பி எடுக்கும் முடிவுகளால்தான் தேவையில்லாத செலவுகள் வருகின்றன.

எதையும் தொடுவதற்கு முன் நகல் எடுங்கள்

பழைய ஹார்டு டிஸ்க் எப்போது படுக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. வருடக்கணக்காகத் தட்டுத்தடுமாறி ஓடிக்கொண்டிருந்த டிஸ்க், நாம் சுத்தம் செய்கிறோம் என்று ஆயிரக்கணக்கான கோப்புகளை அழிக்கவும் நகர்த்தவும் தொடங்கும் அன்றுதான் நின்றுபோகும் வாய்ப்பு அதிகம். வெளியே வைக்கும் ஹார்டு டிஸ்க் ஒன்றிலோ, அளவு போதுமென்றால் பென் டிரைவிலோ, முதலில் நகலை எடுத்துவிடுங்கள்.

டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ், டவுன்லோட்ஸ் ஆகிய நான்கும் எல்லாருக்கும் நினைவுக்கு வரும். மறந்துபோவது வேறு சில. வீட்டிலிருந்தே ஜாப் ஒர்க் கணக்கு, தறிக் கூலிக் கணக்கு என்று டேலியில் எழுதுபவர்கள், டேலி டேட்டா எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்பதை மென்பொருளுக்குள்ளேயே பார்த்து அந்த ஃபோல்டரை முழுவதுமாக எடுக்க வேண்டும். பல கணினிகளில் அது டாக்குமென்ட்ஸுக்குள் இருப்பதில்லை. அடுத்தது எழுத்துரு. பதினைந்து வருடத்துக்கு முன் தட்டிய கல்யாணப் பத்திரிகை, சங்கத் தீர்மானம், நிலப் பத்திரத்தின் வரைவு எல்லாம் பாமினியிலோ வானவில்லிலோ இருக்கும். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் அவை பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத்தான் தெரியும். கன்ட்ரோல் பேனலில் உள்ள ஃபான்ட்ஸ் என்ற இடத்திலிருந்து அந்த எழுத்துருக்களையும் நகலெடுத்து வையுங்கள். பிரவுசரில் சேமித்த கடவுச்சொற்களும் அப்படித்தான்; கூகுள் கணக்கில் ஒத்திசைவு ஆகியிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

நகல் எடுத்த பிறகு அந்த டிஸ்கை வேறொரு கணினியில் செருகி, நான்கைந்து கோப்புகளைத் திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத வரை அதை நகல் என்று நம்பாதீர்கள்.

எங்கே அடைக்கிறது?

இப்போது கணினியைப் போட்டு, எதையும் திறக்காமல் பத்து நிமிடம் விட்டுவிடுங்கள். பிறகு கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒன்றாக அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். சிறிய சன்னலாக வந்தால் கீழே உள்ள மோர் டீட்டெயில்ஸ் என்பதை அழுத்துங்கள். அதில் பெர்ஃபார்மன்ஸ் என்ற பகுதியில் சிபியு (அதாவது புராசஸர்), மெமரி (திறந்திருக்கும் வேலைகளைத் தற்காலிகமாக வைத்துக்கொள்ளும் ராம்), டிஸ்க் என்று மூன்று வரைபடங்கள் இருக்கும். அவற்றை முதலில் சும்மா உட்கார்ந்தும், பிறகு வழக்கமான வேலைகளைத் திறந்து வைத்துக்கொண்டும் பாருங்கள்.

டிஸ்க் 100 விழுக்காட்டிலேயே நின்று, சிபியு 10, 20 என்று சோம்பிக் கிடந்தால், குற்றவாளி ஹார்டு டிஸ்க். மெமரி 85, 90 விழுக்காட்டைத் தாண்டினால் ராம் போதவில்லை. அந்நிலையில் விண்டோஸ் ராமில் அடங்காததை டிஸ்கில் எழுதி எழுதி எடுப்பதால் டிஸ்கும் சேர்ந்து உயரும். ஆகவே இரண்டும் உயர்ந்திருந்தால் ராமைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். சிபியு காரணமில்லாமல் உயர்ந்திருந்தால் பிராசஸஸ் பகுதிக்குப் போய், சிபியு என்ற தலைப்பை அழுத்தி, மேலே வரும் பெயர் எது என்று பாருங்கள். மூன்றும் சாதாரணமாக இருந்தும் கணினி தவழ்ந்தால், அதிலும் காலையில் நன்றாக ஓடி மதியத்துக்கு மேல் தவழ்ந்தால், அது வெப்பம். புராசஸர் தாங்கக்கூடிய எல்லையை, இன்டெல் புராசஸர்கள் பலவற்றில் அது ஏறக்குறைய 100 டிகிரி செல்சியஸ், நெருங்கும்போது தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அறையே 38 டிகிரியில் இருக்கும் சித்திரை மாத ஈரோட்டிலும் கரூரிலும், விசிறி பஞ்சால் அடைபட்ட கணினி அந்த எல்லையை எட்ட அதிக நேரம் பிடிக்காது. ஹெச்டபிள்யு மானிட்டர் போன்ற இலவச மென்பொருள் வெப்பநிலையைக் காட்டும். சும்மா இருக்கும்போதே 60, 70 டிகிரி காட்டினால் மூடியைத் திறக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது.

அதே டாஸ்க் மேனேஜரில், சிபியு வரைபடத்துக்குக் கீழே அப் டைம் என்று ஓர் எண் ஓடிக்கொண்டிருக்கும். தினமும் ஷட் டவுன் செய்தும் அதில் 20 நாள், 30 நாள் என்று இருப்பதைப் பார்த்துப் பலர் திகைப்பார்கள். விண்டோஸ் 10-இல் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற ஏற்பாடு இருக்கும்போது, ஷட் டவுன் கொடுத்தாலும் விண்டோஸின் உட்பகுதி முழுவதும் இறங்குவதில்லை. அதன் நிலையை டிஸ்கில் எழுதிவைத்து அடுத்த முறை அப்படியே எடுத்துக்கொள்கிறது. ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும். வாரத்துக்கு ஒரு முறை ரீஸ்டார்ட் செய்யும் பழக்கமே சில வீடுகளில் பாதிக் குறையைத் தீர்த்துவிடுகிறது.

மூடியைத் திறந்து சுத்தம் செய்தல்

திருப்பூர், பல்லடம், சோமனூர் என்றால் பஞ்சு. பொள்ளாச்சிப் பக்கம் தேங்காய் நார்த் தூள். நாமக்கல் பக்கம் கோழித் தீவனத் தூசி. நம் பகுதிக் கணினிகளுக்கு இந்த வேலைதான் முதல் மருந்து என்பதால் இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். சாதாரண மண்தூசி உலர்ந்து உதிரும். பஞ்சு அப்படியில்லை, விசிறி இழுக்கும் காற்றோடு வந்து, புராசஸரின் சூட்டை வெளியேற்றும் ஹீட் சிங்க்கின் அலுமினியத் தகடுகளுக்கு நடுவே பின்னிக்கொண்டு, கம்பளி போல உறைந்துவிடும். விசிறி என்னவோ சத்தமாகச் சுற்றிக்கொண்டுதான் இருக்கும்; காற்று மட்டும் தகடுகளுக்குள் போகாது.

தேவையான பொருள்கள்: ஒரு ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர், புதிய அரை அங்குலப் பெயின்ட் பிரஷ், புருவம் திருத்தும் சாமணம் ஒன்று, சிறிய தெர்மல் பேஸ்ட் டியூப், ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், பழைய பனியன் துணி. கையால் பிடிக்கும் சிறிய மின் புளோயர் கிடைத்தால் நல்லது.

இங்கே ஒரு பழக்கத்தைக் கட்டாயம் கண்டிக்க வேண்டும். நம் ஊர்களில் கணினிப் பெட்டியை வண்டியில் வைத்துப் பஞ்சர் கடைக்குக் கொண்டுபோய் ஏர் அடித்துக்கொண்டு வருவார்கள். நானும் ஒரு காலத்தில் அப்படிச் செய்தவன்தான். கம்ப்ரஸர் டேங்கில் தேங்கும் தண்ணீரும் எண்ணெய்ப் பிசுக்கும் குழாய் வழியே காற்றோடு சேர்ந்து வரும் என்பதை, மதர்போர்டின் மீது பொட்டுப் பொட்டாக ஈரத்தைப் பார்த்த பிறகுதான் தெரிந்துகொண்டேன். அன்று அழுத்தத்தில் விசிறியின் ஓர் இறக்கையும் ஒடிந்துபோயிற்று. பனியன் கம்பெனியில் தையல் மிஷின் துடைக்கும் ஏர் கன்னுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

ஷட் டவுன் செய்து, சுவிட்சை அணைத்து, மின் கம்பியைப் பிடுங்கிவிடுங்கள். யுபிஎஸ்ஸிலிருந்தும் பிடுங்க வேண்டும். பிறகு பவர் பட்டனைப் பத்து நொடி அழுத்திப் பிடித்தால் மதர்போர்டில் மிச்சம் நிற்கும் மின்சாரம் வடிந்துவிடும். பின்புறக் கம்பிகளைக் கழற்றுமுன் கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். திண்ணையிலோ வாசலிலோ, காற்றோட்டமான நிழலில் வைத்து, பின்பக்கத்திலிருந்து பார்க்கும்போது வலப்பக்கமாக இருக்கும் மூடியின் இரண்டு ஸ்க்ரூக்களைக் கழற்றி மூடியைப் பின்னோக்கி இழுங்கள். பெரும்பாலான பெட்டிகளில் அந்தப் பக்கம்தான் மதர்போர்டு தெரியும். உள்ளே கைவைக்கும் முன் கேபினெட்டின் பெயின்ட் இல்லாத இரும்புப் பகுதியை ஒரு முறை தொடுங்கள். உடம்பில் இருக்கும் நிலைமின்சாரம் அதில் இறங்கும். நைலான் சேலை, பாலியெஸ்டர் சட்டையைத் தவிர்த்துப் பருத்தி உடுத்திக்கொள்வது நல்லது.

பெரிய பஞ்சுத் துண்டுகளை முதலில் சாமணத்தால் எடுங்கள். பிறகு பிரஷால் மேலிருந்து கீழாக, அழுத்தாமல் தட்டிவிட்டு, புளோயரைச் சற்றுத் தள்ளிப் பிடித்து ஊதுங்கள். ஊதும்போது விசிறியை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். காற்றின் வேகத்தில் அளவுக்கு மீறிச் சுற்றினால் அதன் பேரிங் கெடும். பல்லி முட்டை, எறும்புப் புற்று, கரப்பான் எச்சம் ஆகியவை இருந்தால் வியக்க வேண்டாம். எச்சம் பட்ட இடத்தை ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்துவிடுங்கள். மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ் பெட்டியை வெளியிலிருந்து ஊதுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதை மட்டும் எக்காரணம் கொண்டும் திறக்கக் கூடாது. உள்ளே இருக்கும் பெரிய கெப்பாசிட்டர்களில், கம்பியைப் பிடுங்கிய பிறகும் உயிருக்கு ஆபத்தான அளவு மின்னழுத்தம் நிற்கலாம்.

ராமின் இரு முனைகளிலும் உள்ள பிடிகளை வெளிப்புறமாக விலக்கினால் ராம் மேலே எழும்பி வரும். அதன் பொன்னிற முனைகளைப் பள்ளிப் பிள்ளைகளின் வெள்ளை ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, தூளைத் துடைத்துவிட்டு, வெட்டுக் குறி பொருந்தும்படி திரும்ப வைத்து, 'டக்' என்று பிடி விழும் வரை இரு முனையிலும் அழுத்துங்கள். கணினி போட்டவுடன் பீப் பீப் என்று கத்திவிட்டுத் திரை வராமல் போகும் குறை, பல சமயம் இதிலேயே சரியாகிவிடும்.

அடுத்து தெர்மல் பேஸ்ட். புராசஸருக்கும் ஹீட் சிங்க்குக்கும் நடுவில் வெப்பத்தைக் கடத்துவதற்காகப் பூசிய களிம்பு, ஏழெட்டு வருடத்தில் காய்ந்து சுண்ணாம்பு போல ஆகியிருக்கும். இன்டெல்லோடு வந்த வட்ட விசிறி என்றால் நான்கு மூலைகளிலும் உள்ள குமிழ்களை, அவற்றின் மேல் காணும் அம்புக்குறித் திசையில் கால் சுற்றுத் திருப்பி மேலே இழுத்தால் கழன்றுவிடும். ஏஎம்டி கணினி என்றால் ஒரு கவனம்: ஏஎம்4 சாக்கெட்டும் அதற்கு முந்தைய பழைய சாக்கெட்டுகளும் உள்ள கணினிகளில் ஊசிகள் புராசஸரிலேயே இருக்கும். காய்ந்த பேஸ்ட் ஒட்டிக்கொண்டால் ஹீட் சிங்க்கோடு புராசஸரும் பிடுங்கிக்கொண்டு வந்து ஊசி வளைந்துவிடும். கழற்றுவதற்கு முன் கணினியைப் பத்துப் பதினைந்து நிமிடம் ஓட்டிச் சூடாக்கி, அணைத்து, மின் கம்பியைப் பிடுங்கிவிட்டு, ஹீட் சிங்க்கை இடமும் வலமும் லேசாகத் திருகிக்கொண்டே எடுத்தால் அந்தச் சிக்கல் பெரும்பாலும் வராது. பழைய பேஸ்டை ஆல்கஹாலில் நனைத்த துணியால் பளபளப்பு தெரியும் வரை துடைத்து, புராசஸரின் நடுவில் ஒரு பச்சைப் பட்டாணி அளவுக்குப் புதிய பேஸ்ட் வைத்து, ஹீட் சிங்க்கை நேராக இறக்கி அழுத்துங்கள். அழுத்தத்திலேயே பேஸ்ட் பரவிக்கொள்ளும். குமிழ்களை முதலில் பழைய நிலைக்குத் திருப்பிக்கொண்டு, எதிரெதிர் மூலைகளாக, நான்கிலும் 'டக்' சத்தம் கேட்கும்படி அழுத்த வேண்டும். ஒரு மூலை பதியாவிட்டாலும் முன்பைவிட அதிகமாகவே சூடாகும். விசிறியின் கம்பியைத் திரும்பச் செருகினீர்களா என்பதை மூடியைப் போடுமுன் இன்னொரு முறை பாருங்கள்.

திறந்திருக்கும் கையோடு மதர்போர்டில் ரூபாய் நாணயம் போலப் பதிந்திருக்கும் சிஆர்2032 என்ற 3 வோல்ட் பேட்டரியையும் மாற்றிவிடலாம். கணினியைப் போடும் ஒவ்வொரு முறையும் தேதி பழைய வருடத்துக்குப் போய்விடுகிறது, இணையதளங்கள் பாதுகாப்பற்றவை என்று எச்சரிக்கை வருகிறது என்றால் காரணம் இதுதான். நெட்காரரைத் திட்டிப் பயனில்லை. மாற்றியதும் பயாஸில், அதாவது விண்டோஸுக்கு முன்பே வரும் மதர்போர்டின் அமைப்புத் திரையில், தேதியும் நேரமும் சரி செய்ய வேண்டும்.

மடிக்கணினியின் அடிமூடியைக் கழற்ற முதல் முறையே துணிய வேண்டாம். உள்ளே உள்ள தட்டைக் கம்பிகள் மிக மெல்லியவை. காற்று வெளியேறும் துவாரத்தில் சிறிய புளோயரால் விட்டு விட்டு ஊதுங்கள். அதற்கு மேல் வேண்டுமென்றால் பழகியவரிடம் கொடுங்கள். டச்பேட் மேலெழும்பியிருந்தாலோ அடிமூடி உப்பியிருந்தாலோ பேட்டரி வீங்கியிருக்கிறது என்று பொருள். சார்ஜ் போடுவதை உடனே நிறுத்திவிட்டு பேட்டரியை மாற்றுவதுதான் அப்போதைய முதல் வேலை.

விண்டோஸுக்குள் செய்ய வேண்டிய துப்புரவு

இந்தப் பகுதி பலர் நினைப்பதைவிடச் சிறியது. டாஸ்க் மேனேஜரின் ஸ்டார்ட்அப் பகுதியைத் திறந்தால், கணினி விழிக்கும்போதே கூட விழிக்கும் மென்பொருள்களின் பட்டியல் வரும். ஆன்டிவைரஸ், ஒலி, டச்பேட் தொடர்பானவற்றை விட்டுவிட்டு மற்றவற்றை வலது கிளிக் செய்து டிசேபிள் கொடுங்கள். இதனால் எதுவும் அழியாது. நீங்கள் கூப்பிடும்போது வழக்கம்போல் திறக்கும். டிஜிட்டல் கையொப்ப டோக்கன் வைத்து ஜிஎஸ்டி தாக்கல் செய்பவர்கள் அதற்கான மென்பொருளை மட்டும் அப்படியே விட்டுவையுங்கள்.

அடுத்து செட்டிங்ஸ், ஆப்ஸ் என்று போய், பயன்படுத்தாதவற்றை நீக்குங்கள். இரண்டு ஆன்டிவைரஸ் இருந்தால் ஒன்றை எடுத்தே ஆக வேண்டும். இரண்டும் ஒவ்வொரு கோப்பையும் தனித்தனியே சோதித்துக் கணினியைப் படுக்கவைத்துவிடும். காலாவதியான ஆன்டிவைரஸை நீக்கினால் விண்டோஸோடு வரும் டிஃபென்டர் தானே பொறுப்பேற்றுக்கொள்ளும். வீட்டு உபயோகத்துக்கு அது போதும் என்பதே என் கருத்து. ஒரே சொடுக்கில் வேகம் கூட்டுவதாகவும் ரெஜிஸ்ட்ரியைச் சுத்தம் செய்வதாகவும் விளம்பரம் செய்யும் மென்பொருள் எதையும் இறக்காதீர்கள். மெதுவான கணினிகளில் நான் நீக்கும் முதல் பொருளே அவைதான்.

செட்டிங்ஸ், சிஸ்டம், ஸ்டோரேஜ், டெம்பரரி ஃபைல்ஸ் என்று போனால் அழிக்கக்கூடிய குப்பைகளை விண்டோஸே பட்டியலிட்டுத் தரும். அந்தப் பட்டியலில் டவுன்லோட்ஸ் என்ற வரியும் இருக்கும். அதை டிக் செய்து அழித்துவிட்டு, ஆதார் நகலும் மார்க் ஷீட்டும் போய்விட்டது என்று தலையில் கைவைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த ஒரு கட்டத்தை மட்டும் டிக் இல்லாமல் விடுங்கள். சி டிரைவில் ஐந்தில் ஒரு பங்காவது காலியாக இருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும்.

பிரவுசரில் தேவையற்ற எக்ஸ்டென்ஷன்களை நீக்குங்கள். "உங்கள் கணினியில் 5 வைரஸ்" என்று வலது மூலையில் எட்டிப் பார்க்கும் பெட்டி பெரும்பாலும் வைரஸ் அன்று. ஏதோ ஓர் இணையதளத்துக்கு நோட்டிஃபிகேஷன் அனுமதி கொடுத்திருக்கிறீர்கள். பிரவுசர் செட்டிங்ஸில் அந்த அனுமதியை எடுத்துவிட்டால் நின்றுவிடும். திரை அலங்காரங்களைக் குறைப்பதானால் பெர்ஃபார்மன்ஸ் ஆப்ஷன்ஸில் எல்லாவற்றையும் நீக்கிவிட்டு, திரை எழுத்துகளின் ஓரத்தை மென்மையாக்கும் ஒரு வரியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அதையும் எடுத்தால் தமிழ் எழுத்துகள் பல் பல்லாகத் தெரிந்து கண் வலிக்கும்.

செலவு செய்வதானால் எதில்?

இவ்வளவும் செய்த பின் மீண்டும் கடிகாரத்தைப் பாருங்கள். இன்னும் டிஸ்க் 100 விழுக்காட்டிலேயே நின்றால் ஹார்டு டிஸ்குக்குப் பதிலாக எஸ்எஸ்டி என்ற சில்லுச் சேமிப்பகத்தைப் போடுவதைப் போலப் பலன் தரும் செலவு வேறெதுவும் இல்லை. காரணம் எளியது. ஹார்டு டிஸ்குக்குள் ஒரு வட்டத் தகடு நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 முறை சுற்றுகிறது. 7,200 என்றே வைத்தாலும் ஒரு சுற்றுக்கு 8 மில்லி விநாடிக்கு மேல் ஆகும். தேவையான கோப்பு, தகட்டைப் படிக்கும் முனைக்குக் கீழே வரும் வரை புராசஸர் காத்திருக்க வேண்டும். விண்டோஸ் தொடங்கும்போது இப்படி ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளுக்காகக் காத்திருக்கிறது. எஸ்எஸ்டியில் சுற்றும் பாகமே கிடையாது. ஆகையால் பழைய மதர்போர்டில்கூட, சாட்டா என்ற இணைப்பு வகையில் வரும் இரண்டரை அங்குல எஸ்எஸ்டி ஒன்றைப் பழைய டிஸ்கின் அதே இரண்டு கம்பிகளில் செருகினால், நிமிடக் கணக்கு நொடிக் கணக்காக மாறும். வீட்டு உபயோகத்துக்கு 240 அல்லது 256 ஜி.பி. போதும்; படங்களையும் பாட்டுகளையும் பழைய டிஸ்கிலேயே வைத்துக்கொள்ளலாம்.

பழைய டிஸ்கை அப்படி வைத்துக்கொள்வதற்கு முன் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் அதன் உடல்நிலையைப் பாருங்கள். நீலம் என்றால் நலம். மஞ்சள் அல்லது சிவப்பு என்றால் டிஸ்கில் பழுதான இடங்கள் தோன்றத் தொடங்கிவிட்டன. அதில் முக்கியமான எதையும் வைக்காதீர்கள்.

ராம் வாங்குவதானால் முதலில் செட்டிங்ஸ், சிஸ்டம், அபவுட் என்ற இடத்தில் சிஸ்டம் டைப்பைப் பாருங்கள். 32-பிட் விண்டோஸ் என்று இருந்தால் எவ்வளவு ராம் போட்டாலும் அதனால் 4 ஜி.பி.க்கு மேல் பயன்படுத்த முடியாது. 64-பிட் விண்டோஸுக்கு மாறிய பிறகுதான் ராமுக்குச் செலவு செய்ய வேண்டும். 4 ஜி.பி. இருக்கும் கணினியை 8 ஆக்கினால் வித்தியாசம் நன்றாகத் தெரியும். டிடிஆர்3, டிடிஆர்4 ஆகியவற்றின் வெட்டுக் குறி வெவ்வேறு இடத்தில் இருப்பதால் ஒன்றின் இடத்தில் மற்றது உட்காராது. பழைய ராமைக் கழற்றிக் கையோடு கொண்டுபோய்க் காட்டி வாங்குவதே பிசகில்லாத வழி. கோவை காந்திபுரத்துக் கடைகளில் பயன்படுத்திய ராம் கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். ராம் அப்படி வாங்கலாம். பயன்படுத்திய எஸ்எஸ்டியை மட்டும் வாங்காதீர்கள், அதில் எழுதி அழிப்பதற்கு ஓர் ஆயுள் கணக்கு உண்டு, அதை எவ்வளவு தின்றிருக்கிறார்கள் என்பது உறையைப் பார்த்தால் தெரியாது.

எஸ்எஸ்டியில் விண்டோஸைப் புதிதாக ஏற்றுவதுதான் நல்லது. பழையதை அப்படியே பிரதியெடுத்தால் பழைய குப்பையும் கூடவே வரும். 8 ஜி.பி. பென் டிரைவில் மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து நிறுவல் கோப்பை இறக்கிக்கொள்ளலாம். ஏற்கெனவே முறையான உரிமம் உள்ள கணினியில் அதே பதிப்பை ஏற்றினால், இணையத்தோடு இணைந்ததும் பெரும்பாலும் தானே ஆக்டிவேட் ஆகிவிடும். நிறுவும்போது பழைய ஹார்டு டிஸ்கின் கம்பியைக் கழற்றி வைத்துவிடுங்கள். தவறான டிஸ்கை அழித்துவிடும் ஆபத்து அதோடு ஒழியும். மிகப் பழைய கணினி என்றால் பயாஸில் சாட்டா முறை ஐடிஇ என்று இருக்கிறதா பார்த்து, நிறுவுவதற்கு முன்பே ஏஹெச்சிஐ என்று மாற்றிக்கொள்ளுங்கள்.

விண்டோஸ் 10-இன் கெடு

மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்திவிட்டது. வீட்டுப் பயனாளர்களுக்கு நீட்டித்த பாதுகாப்புப் புதுப்பிப்புத் திட்டத்தை 2026 அக்டோபர் 13 வரை அறிவித்தது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 பாதுகாப்புச் சில்லும், இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய புராசஸரும் தேவை. நான்காம், ஐந்தாம் தலைமுறைக் கணினிகள் அதில் சேராது. எப்படியாவது ஏற்றிவிடும் குறுக்கு வழிகள் உண்டு. பாதுகாப்புப் புதுப்பிப்பு ஒழுங்காக வருமென்ற உறுதி இல்லாத ஒன்றை, வங்கிக் கணக்கு பார்க்கும் கணினியில் செய்யச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அப்படிப்பட்ட கணினிக்கு லினக்ஸ் மின்ட், அதிலும் இலகுவான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு, பொருத்தமானது. பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்த்துவிட்டு, பிடித்தால் நிறுவலாம். தமிழ்99 விசைப்பலகையும் அதில் அமைத்துக்கொள்ளலாம். பிள்ளைகளின் படிப்பு, யூடியூப், மின்னஞ்சல், கடிதம் தட்டுவது ஆகியவற்றுக்கு எந்தக் குறையும் இராது. டேலி நேரடியாக ஓடாது என்பதால் கணக்கு வேலை நடக்கும் கணினியில் இதைச் செய்யும் முன் யோசியுங்கள்.

வைக்கும் இடமும் மின்சாரமும்

சுத்தம் செய்த கணினியைத் திரும்பத் தரையில் வைத்தால் மூன்று மாதத்தில் பழைய கதைதான். தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில், பின்புறம் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, தறி ஓடும் பக்கத்துச் சன்னலுக்கு நேராக இல்லாமல் வையுங்கள். தூசி படியக் கூடாதென்று பெட்டிக்குத் துணி உறை தைத்துப் போட்டிருந்தால், கணினி ஓடும்போது அதைக் கழற்றியே ஆக வேண்டும்.

கேபினெட்டைத் தொட்டால் லேசாகச் சுர்ரென்று இழுக்கிறதா? வீட்டின் எர்த் சரியில்லை என்று பொருள். மின்சாரத்தின் இரைச்சலை எர்த்துக்கு அனுப்பும் சிறு கெப்பாசிட்டர்கள் எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் உண்டு. போக வழியில்லாதபோது அது பெட்டியிலேயே நிற்கும். எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டுச் சரி செய்யுங்கள், எர்த் இல்லாத இரண்டு ஊசி அடாப்டரில் கணினியைச் செருகாதீர்கள். யுபிஎஸ் இருந்தும் மின்சாரம் போனதும் கணினி அணைந்துவிடுகிறதென்றால் உள்ளே இருக்கும் 12 வோல்ட் பேட்டரி போய்விட்டது. இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு முறை அதை மாற்ற வேண்டியிருக்கும். எழுதிக்கொண்டிருக்கும் நடுவில் மின்சாரம் அறுந்து அறுந்து போவதைப் போல ஹார்டு டிஸ்கைக் கெடுப்பது வேறொன்றும் இல்லை.

பஞ்சுள்ள ஊர் என்றால் மூன்று மாதத்துக்கு ஒரு முறை, மற்ற இடங்களில் ஆறு மாதத்துக்கு ஒரு முறை மூடியைத் திறந்து ஊதினால் போதும். தெர்மல் பேஸ்டை ஒவ்வொரு முறையும் மாற்ற வேண்டியதில்லை, வெப்பநிலை மீண்டும் ஏறும்போது பார்த்துக்கொள்ளலாம். வண்டிக்கு ஆயில் மாற்றினால் ஒர்க்‌ஷாப்பில் கிலோமீட்டர் எழுதி ஒட்டி அனுப்புவார்களே, அதுபோல முதலில் நேரம் எழுதிய தாளை மூடியின் உட்புறத்தில் ஒட்டி, சுத்தம் செய்த தேதியையும் பேஸ்ட் மாற்றிய தேதியையும் இப்போது ஆகும் நேரத்தையும் அதில் எழுதி வையுங்கள். சோமனூர்க்காரர் தாளில் பழைய நேரம் 6 நிமிடம் 40 நொடி என்று இருக்கிறது. அதற்குக் கீழே, எஸ்எஸ்டி போட்ட அன்று அவர் மகள் எழுதியது 35 நொடி.